கண், கான், கன்: ஒரே ஒலி, ஊருக்கு ஒரு பொருள்

கேள்வியின் சாரம் இதுதான்: சீன மொழியில் 'கான்' என்றால் பார், தமிழில் 'காண்' என்றாலும் அதேதான். ஹீப்ருவில் 'கான்' என்றால் இங்கே. பழந்தமிழில் 'கண்' என்றால் இடம். அப்படியானால் இவை தமிழிலிருந்து போனவையா? போனவை என்றால், அதே ஒலி இந்தியில் காது என்றும் துருக்கியில் இரத்தம் என்றும் ஏன் பொருள் தருகிறது?

முதலில் பதிலைச் சொல்லிவிடுகிறேன். இவற்றில் எதுவும் தமிழிலிருந்து போகவில்லை, ஒன்றுக்கொன்று உறவும் இல்லை. தமிழ்க் கண், இந்தி கான், துருக்கி கன், சீனத்துக் கான், ஹீப்ரு கான் எல்லாம் தனித்தனியாகப் பிறந்து, வெவ்வேறு வழியாக வந்து, இன்றைக்கு ஏறக்குறைய ஒரே மாதிரி ஒலிக்கிற இடத்தில் நிற்பவை. இதை அப்படியே நம்புங்கள் என்று சொல்லவில்லை. ஒவ்வொரு சொல்லுக்கும் பழைய வடிவம் என்ன என்று பின்னோக்கிப் போய்ப் பார்க்க முடியும். அப்படிப் போகும்போது இவை நெருங்கி வருவதில்லை, விலகித்தான் போகின்றன. உறவுள்ள சொற்கள் என்றால் பின்னால் போகப் போக நெருங்க வேண்டும். இந்த ஒரு வேறுபாட்டைப் பிடித்துக்கொண்டால் மீதி எல்லாம் சுலபம்.

இந்தியிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் அங்கே தடயம் மிகத் தெளிவாக இருக்கிறது. காது என்று பொருள்படும் 'கான்' சமஸ்கிருதக் 'கர்ண'விலிருந்து வந்தது. கர்ண, பழைய வட இந்தியப் பேச்சுமொழியான பிராகிருதத்தில் கண்ண ஆனது. கண்ண இந்தியில் கான் ஆனது. இந்த ஒரு சொல்லுக்கு மட்டும் இப்படி நடந்திருந்தால், யாரோ வசதிக்குக் கட்டிய கதை என்று தள்ளிவிடலாம். ஆனால் ஏழு என்ற பொருள் தரும் சப்த, சத்த ஆகி, பிறகு சாத் ஆனது. கை என்ற ஹஸ்த, ஹத்த ஆகி, ஹாத் ஆனது. கர்ம, கம்ம ஆகி, காம் ஆனது. அக்னி, அக்கி ஆகி, ஆக் ஆனது. எல்லாவற்றிலும் ஒரே விதி: இரண்டு வேறு மெய்கள் சேர்ந்து நின்ற இடத்தில் ஒரே மெய் இரட்டித்தது, அப்புறம் அந்த இரட்டிப்பில் ஒன்று உதிர்ந்தது, உதிர்ந்ததை ஈடுகட்ட முன்னால் இருந்த குறில் நெடிலானது. பஞ்சாபி மொழி இந்தப் பயணத்தில் நடுவழியிலேயே நின்றுவிட்டது. அங்கே காதுக்குக் கன்ன், ஏழுக்குச் சத்த், கைக்கு ஹத்த், வேலைக்குக் கம்ம் என்று இரட்டிப்பு இன்னும் அப்படியே இருக்கிறது. ஆக இந்தி கான் பிறந்த இடத்தில் ஒரு 'ர்' இருந்தது. தமிழ்க் கண்ணில் எந்தக் காலத்திலும் அப்படி ஒரு 'ர்' இருந்ததற்கு அடையாளமே இல்லை.

இந்தக் காது தமிழுக்குள்ளும் வேறு வழியாக வந்து உட்கார்ந்திருக்கிறது. யாராவது சுருதி சேராமல் கத்திப் பாடினால் 'கர்ண கொடூரம்' என்கிறோமே, அந்தக் கர்ணம் காதுதான். மகாபாரதக் கர்ணன் குண்டலத்தோடு பிறந்தவன் என்பதும் அதே காதோடு சேர்ந்த கதை.

கண்ணன் என்ற பெயரையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இந்தப் பேச்சு வந்தாலே யாராவது அதைக் கேட்பார்கள். கண்ணன் நம் கண்ணிலிருந்து வந்த பெயர் இல்லை. கிருஷ்ண என்ற சொல் பிராகிருதத்தில் கண்ஹ ஆனது, அது தமிழில் கண்ணன் ஆனது. இந்திக்காரர்கள் கான்ஹா என்று கொஞ்சுவதும் அதே சொல்லைத்தான். அழகிய கண்ணை உடையவன் என்ற விளக்கம் நமக்கு இனிமையாக இருக்கிறது, பாட்டிலும் நன்றாகப் பொருந்துகிறது, ஆனால் அது பின்னால் ஒட்டிக்கொண்ட விளக்கம்.

சரி, நம்முடைய கண்ணின் சொந்தக்காரர்கள் யார்? மலையாளத்தில் கண்ணு, கன்னடத்தில் கண்ணு, தெலுங்கில் கன்னு, துளுவில் கண்ணு. இது எல்லோருக்கும் தெரியும், பக்கத்து வீட்டுக்காரர்கள்தானே, கடன் வாங்கியிருப்பார்கள் என்றுகூட ஒருவர் வாதிடலாம். ஆனால் வடக்கே ஜார்க்கண்ட், சத்தீஸ்கர் காடுகளில் குறுக் மொழி பேசுபவர்களிடம் போனால் அது ஃகன். அங்கிருந்து பாகிஸ்தானின் பலுசிஸ்தானுக்குப் போய் பிராகுயி பேசுபவர்களிடம் கேட்டால் அங்கேயும் ஃகன். முதல் ஒலி நம் க அல்ல, காலித் என்ற அரபுப் பெயரை அரபிகள் சொல்லும்போது தொண்டையில் உரசி வருகிற ஒலி. இதைப் பார்த்தவுடன், ஒலி மாறியிருக்கிறதே, அப்போது உறவு பலவீனமா என்று தோன்றும். உண்மையில் இந்த மாற்றம்தான் உறவை உறுதிப்படுத்துகிறது. பிராகுயியில் கல்லுக்கு என்ன சொல் தெரியுமா? ஃகல். தமிழில் சொல்முதல் க இருக்கும் இடத்தில், அ முதலான சில உயிர்களுக்கு முன்னால், பிராகுயியில் இந்தத் தொண்டை ஒலி முறையாக வருகிறது. கண்ணுக்கும் கல்லுக்கும் பொருளில் தொடர்பு எதுவும் கிடையாது, ஆனாலும் இரண்டும் ஒரே மாதிரி மாறியிருக்கின்றன. தற்செயலுக்கு இப்படி விதி தெரியாது.

இப்போது சீனத்துக்கு வருவோம், கேள்வியின் மையமே அதுதான். பார் என்ற பொருளில் வரும் கான், பெய்ஜிங் உச்சரிப்பில் மூச்சோடு வெடிக்கிற க, நாலாம் தொனி, அதாவது மேலிருந்து சரேலென்று கீழே இறங்குகிற குரல். எழுத்தைப் பார்த்தால் மேலே கை, கீழே கண். வெயிலில் நெற்றிக்கு மேல் கையை வைத்துத் தூரத்தில் பார்க்கிற கோலம் என்று சீனத்துப் பழைய அகராதி மரபு விளக்குகிறது. எழுத்துக்குள்ளேயே கண் இருப்பதைப் பார்த்ததும் நம் ஆட்களுக்கு உற்சாகம் பொங்கிவிடுகிறது. ஆனால் அந்த எழுத்தில் இருக்கும் கண்ணுக்குச் சீனத்தில் மூ என்று பெயர், கான் என்று அல்ல. பேச்சில் கண்ணை யென்ஜிங் என்பார்கள். தமிழில் கண்ணும் காண்பதும் ஒரே வேரில் நிற்கின்றன. சீனத்தில் பார்ப்பது ஒரு சொல், கண் முற்றிலும் வேறு சொல். அதோடு, பழைய சீன நூல்களில் பார்ப்பதற்கு ஜியென், ஷி என்ற வேறு சொற்களே பெருவழக்கு. கான் பிற்காலத்தில்தான் அந்த இடத்தைப் பிடித்தது. உண்மையிலேயே பழங்காலத்தில் தமிழிலிருந்து போயிருந்தால் பழைய நூல்களில் அதிகமாகவும் புதியவற்றில் குறைவாகவும் இருந்திருக்க வேண்டும். இருப்பது தலைகீழ்.

இன்னொரு சோதனையும் உண்டு. பெய்ஜிங்கை விட்டு ஹாங்காங்குக்கு வந்தால் கான்டனீஸ் மொழியில் அதே எழுத்தை ஹோன் என்று படிக்கிறார்கள். திறப்பது பெய்ஜிங்கில் காய், ஹாங்காங்கில் ஹொய். வாய் பெய்ஜிங்கில் கோவ், ஹாங்காங்கில் ஹாவ். பிராகுயியில் பார்த்த அதே கதை, வேறு மொழிக் குடும்பத்தில், வேறு விதியோடு. கான் என்ற சொல் சீன மொழிகளின் உள் ஒழுங்குக்கு ஒழுங்காகக் கட்டுப்படுகிறது, நம் ஒழுங்கோடு அதற்கு ஒரு சம்பந்தமும் இல்லை.

இதே சொல் சீனத்திலிருந்து ஜப்பானுக்குப் போனது, அது உண்மையான பயணம், எழுத்தோடு போனது. சென்னையில் ஐடி வேலை செய்பவர்கள் தினமும் 'கான்பன் போர்டு' என்று சொல்கிறார்களே, அதன் முதல் பாதி இந்தக் கான்தான். கான் என்றால் பார், பான் என்றால் பலகை. ஜப்பானில் கடை வாசலில் தொங்கும் பெயர்ப்பலகைக்கு அதுதான் பெயர். டொயோட்டா நிறுவனத்தில் தாயிச்சி ஓனோ உருவாக்கிய உற்பத்தி முறையில் பாகங்களோடு சுற்றிவந்த அட்டைகளுக்கு அந்தப் பெயர் வைத்தார்கள், அங்கிருந்து உலகம் முழுக்கப் பரவிவிட்டது. பலகை என்ற பொருள் உள்ளேயே இருப்பதால் அதோடு போர்டு சேர்ப்பது 'கேட்டுக் கதவு' மாதிரிதான், பரவாயில்லை.

ஜப்பானிய மொழியில் கான் என்ற ஒலிக்கு எத்தனை சொற்கள் என்று எண்ண ஆரம்பித்தால் முடியாது. பார்ப்பது கான், கல்லீரல் கான், குளிர் கான், உணர்ச்சி கான், பெரிய கட்டடம் கான், அதிகாரி கான், இடைவெளி கான், சவப்பெட்டி கான், முழுமை கான், சீனத்து ஹான் வம்சமும் கான். ஜப்பானிய எழுத்தை 'கான்ஜி' என்கிறோமே, அதில் வருவது இந்தக் கடைசிக் கான். ஹான் எழுத்து என்று பொருள். சீனத்தில் இவை எல்லாம் ஒன்றுபோல் ஒலிக்கவில்லை. குளிர் ஹான், கட்டடம் குவான், முழுமை வான், இப்படித் தொனியாலும் முதல் ஒலியாலும் பிரிந்து நின்ற சொற்கள். ஜப்பானியருக்குத் தொனி வேறுபாடு கிடையாது, இந்த ஹ ஒலியும் அந்தக் காலத்தில் அவர்களிடம் இல்லை, அதனால் க என்று பிடித்துக்கொண்டார்கள். குவா என்றிருந்ததும் பிறகு கா ஆனது. பத்து வாசல் வழியாக வந்தவர்கள் ஒரே கூடத்தில் கூடிவிட்டார்கள். ஒரே மொழிக்குள்ளேயே சம்பந்தமில்லாத சொற்கள் எப்படி ஒரே ஒலிக்கு வந்து சேர்கின்றன என்பதைக் காட்ட இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது. கல்லீரலுக்கான சீனச் சொல் கொரியாவுக்கும் போயிருக்கிறது. அங்கே தைரியசாலியைப் பார்த்து 'ஈரல் பெரியது' என்பார்கள். நாம் பயத்தில் ஈரக்குலை நடுங்குகிறது என்கிறோம். ஈரலில் தைரியத்தை வைப்பது இரண்டு ஊருக்கும் பொது. சொல் பொது இல்லை.

துருக்கிக்கு வருகிறேன். இஸ்தான்புல்லில் மருத்துவமனைப் பலகையில் 'கன்' என்று பார்த்துக் கண் மருத்துவம் என்று நினைத்து உள்ளே போனால் இரத்த வங்கியில் போய் நிற்பீர்கள்; கண்ணுக்கு அங்கே கோஸ் என்று பெயர். இந்தக் கன்னின் வயதை நாம் கல்லிலேயே படிக்கலாம். மங்கோலியாவின் ஓர்கோன் பள்ளத்தாக்கில் 732ஆம் ஆண்டு குல் தெகின் என்ற இளவரசனுக்காக நட்ட கல் இன்றும் இருக்கிறது. அதில் துருக்கிய மக்களைப் பார்த்து, உன் இரத்தம் நீராய் ஓடியது, உன் எலும்புகள் மலையாய்க் குவிந்து கிடந்தன என்று ஒரு வரி. அந்த வரியில் இரத்தத்துக்கு வருவது இதே கன்தான். டென்மார்க்கைச் சேர்ந்த வில்ஹெல்ம் தாம்சன் 1893இல் அந்த எழுத்தை உடைத்துப் படித்தார். அன்றைக்கு மங்கோலியாவில் என்ன ஒலியோ கிட்டத்தட்ட அதே ஒலி இன்றைக்கு இஸ்தான்புல்லில், அஜர்பைஜானில், கசகஸ்தானில். உஸ்பெக்கில் கொன் ஆகிவிட்டது. வோல்கா நதிப் பக்கம் பேசும் சுவாஷ் மொழியில் யுன் என்று அடையாளமே தெரியாமல் மாறியிருக்கிறது. இந்த யுன்தான் துருக்கிக் கன்னின் இரத்த உறவு. ஒலியில் நெருக்கமாக இருக்கிற தமிழ்க் கண் யாரோ ஒருவர்.

ஹீப்ரு விஷயம் எனக்கு மிகவும் பிடித்தது, ஏனென்றால் அந்த ஒற்றுமை மேலோட்டமாகப் பார்த்தால் நிஜமாகவே வலுவாகத் தெரிகிறது. தொல்காப்பியம் 'ஏழாகுவதே கண்எனப் பெயரிய வேற்றுமைக் கிளவி' என்கிறது. 'மனத்துக்கண் மாசிலன் ஆதல்' என்று குறளில் வருவதும் அந்த இடப்பொருள் கண்தான். ஹீப்ருவில் கான் என்றால் இங்கே. இஸ்ரேலின் அரசுப் பொது ஒளிபரப்பு நிறுவனத்துக்கே 2017இல் கான் என்றுதான் பெயர் வைத்தார்கள். இரண்டும் இடத்தைக் குறிப்பவை, இரண்டும் பழைய மொழிகள். ஆனால் ஹீப்ரு விவிலியத்தில் இங்கே என்பதற்கு வழக்கமான சொற்களில் ஒன்று போ. ஆமாம், போ என்றால் இங்கே! எலியா தீர்க்கதரிசியிடம் 'உனக்கு இங்கே என்ன வேலை' என்று கேட்கும் இடத்தில் வருவது அதுதான். கான் பிந்திய கால ஹீப்ருவில் புழக்கத்துக்கு வந்த சொல். ஆக, பழமையை வைத்துத் தமிழோடு முடிச்சுப் போட நினைப்பவர் போ என்பதைத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும், அது நம் ஊரில் நேரெதிர்த் திசையில் விரட்டுகிறது.

இதைவிட முக்கியமானது பக்கத்து வீட்டு அரபு. ஹீப்ருவும் அரபும் உண்மையிலேயே சகோதர மொழிகள், ஐயமே இல்லை. அரபியில் கான என்றால் இருந்தான், இருந்தது. அரபுப் பாட்டிகள் கதை சொல்லத் தொடங்கும்போது 'கான் யா மா கான்' என்பார்கள், நம் ஊர் 'ஒரு ஊர்ல' போல. ஒரே குடும்பம், ஒரே ஒலி, இருந்தும் ஹீப்ருக் கானுக்கும் அரபுக் கானுக்கும் வேர் வேறு. அரபுச் சொல்லின் வேரில் க, வ, ன என்று மூன்று மெய்கள். நடுவில் இருக்கும் வ இந்த வடிவத்தில் நெடிலாகக் கரைந்துவிட்டது. தமிழ் முஸ்லிம்கள் நன்கு அறிந்த 'குன் ஃபயகூன்' என்ற குர்ஆன் தொடரில் குன் என்றால் ஆகு. கேட்டால் கானவுக்கும் குன்னுக்கும் ஒட்டே இல்லை போலிருக்கும். இரண்டும் ஒரே வேர்.

இதுபோலத்தான் ஆங்கிலக் கேன். நம் வீட்டுக்கு வருகிற தண்ணீர்க் கேன் ஒன்று, முடியும் என்ற பொருளில் வரும் கேன் இன்னொன்று, இரண்டும் வேறு சொற்கள். டச்சு மொழியிலும் இரண்டும் கன் என்றே ஒலிக்கும்: கூஜாவும் கன், முடியும் என்பதும் கன். கூஜாவை விடுங்கள். முடியும் என்ற கேன்தான் அதிசயம். அதன் ஆதிப்பொருள் அறிதல். எப்படி என்று தெரிந்தவனால்தான் முடியும். ஆங்கிலத்தில் அறிவதற்கான 'நோ', கிரேக்க 'க்னோசிஸ்', சமஸ்கிருத 'ஞா' எல்லாம் அதே வேர். அந்த ஞா தமிழுக்கு ஞானமாக வந்தது. பார்த்தீர்களா, கண்ணுக்கும் கேனுக்கும் எந்த உறவும் இல்லை. ஞானத்துக்கும் கேனுக்கும் உறவு இருக்கிறது. ஒலியை மட்டும் வைத்துத் தேடுபவர் இல்லாத உறவைக் கண்டுபிடித்து, இருக்கிற உறவைத் தாண்டிப் போய்விடுவார்.

பிரான்ஸின் மேற்கு மூலையில் பேசும் பிரெத்தோன் மொழியில் கன் என்றால் பாட்டு. இதன் உறவு லத்தீன் கானோ, பாடுகிறேன் என்று பொருள். அதே வேர் ஜெர்மானிய மொழிகளில் சேவலுக்குப் பெயரானது, விடியலில் பாடுகிறவன் என்று. அதன் பெண்பால் ஆங்கிலத்தில் ஹென், கோழி. க எப்படி ஹ ஆனது என்றால், லத்தீனில் நூறு கெந்தும், ஆங்கிலத்தில் ஹண்ட்ரட். லத்தீனில் கொம்பு கோர்னு, ஆங்கிலத்தில் ஹார்ன். மறுபடியும் விதி. ஹங்கேரியில் கன் என்றால் ஆண் பன்றி, அதையும் ஒரு வரியில் சேர்த்துவிடுகிறேன்.

மாயா மொழிகளில்தான் இந்த ஒலி ஒற்றுமை வேடிக்கைக்கு மேல் போய் ஒரு நாகரிகத்தின் எழுத்துக்கே உதவியிருக்கிறது. மெக்சிகோவின் யுகத்தான் பகுதியில் இன்றும் பேசும் மாயாவில் கான் என்றால் பாம்பு. சிச்சேன் இட்சாவில் இருக்கிற பெரிய படிப்பிரமிடு குகுல்கான் என்ற இறகு முளைத்த பாம்புக் கடவுளுக்கு உரியது, பெயரின் கடைசியில் பாம்பு இருக்கிறது. வானம் என்ற சொல்லும், நான்கு என்ற எண்ணும் ஏறக்குறைய இதே ஒலி. இடையில் ஒரு சிறு தொண்டைத் தடையும் உயிரின் நீளமும்தான் வேறுபாடு. பழங்காலக் கல்வெட்டு மொழியில் இது சான் என்று ஒலித்தது, அங்கே பாம்பு, வானம், நான்கு மூன்றுமே சான். அரசர்களின் பெயரில் வானம் என்று எழுத வேண்டிய இடத்தில் எழுத்தர்கள் சில நேரம் பாம்புத் தலையை வரைந்தார்கள், சில நேரம் நான்கு புள்ளி வைத்தார்கள். படிப்பவர் எப்படியும் சான் என்றுதான் வாசிப்பார். இருபதாம் நூற்றாண்டில் அறிஞர்கள் இந்த எழுத்தைப் படிக்கத் தடுமாறிக்கொண்டிருந்தபோது, ஒரே அரசன் பெயரில் பாம்பும் வானமும் நான்கும் மாறி மாறி வருவதைக் கவனித்தது நல்ல சான்றானது: இந்தக் குறிகள் பொருளை மட்டும் காட்டவில்லை, ஒலியையும் காட்டுகின்றன என்பது அதில் மேலும் உறுதியானது. பாம்புக்கும் வானத்துக்கும் நான்குக்கும் பொருளில் உறவு இல்லாததால்தான் அந்தச் சான்று அவ்வளவு வலுவாக நின்றது.

சரி, ஏன் இத்தனை ஊரில் இதே ஒலி? உலகில் சுமார் 7,000 மொழிகள் இருக்கின்றன. க, அ, ன என்ற மூன்றும் மனித வாய்க்கு மிக எளிதான ஒலிகள், ஏறக்குறைய எல்லா மொழிகளிலும் ஏதோ ஒரு வடிவில் உண்டு. தோராயமாக ஒரு மொழியில் இருபது மெய், ஐந்து உயிர் என்று வைத்தால் மெய், உயிர், மெய் என்ற அமைப்பில் 20 × 5 × 20, மொத்தம் 2,000 வடிவங்கள்தான் சாத்தியம். நிஜத்தில் இன்னும் குறைவு, ஏனென்றால் எல்லா மெய்யும் கடைசியில் வராது. பெய்ஜிங் சீனத்தில் தொனியை விட்டுவிட்டால் அசைகள் சுமார் 400தான். ஆயிரக்கணக்கான பொருள்களை இவ்வளவு சில்லறை வடிவங்களுக்குள் அடக்க வேண்டும். அப்படியிருக்க 7,000 மொழியிலும் கன் மாதிரி ஒன்று அடிக்கடி வராமல் இருந்தால்தான் ஆச்சரியப்பட வேண்டும். அவற்றில் ஒன்றிரண்டு, பொருளிலும் நமக்குப் பக்கத்தில் வந்து விழும். சீனக் கான் அப்படி விழுந்த ஒன்று.

நம் எழுத்து இதைக் கொஞ்சம் பெரிதாக்கியும் காட்டுகிறது. தமிழில் எழுதும்போது மூச்சுள்ள க, மூச்சில்லாத க, தொண்டை ஃக எல்லாம் ஒரே எழுத்தில் அடங்கிவிடும். இந்தியில் காது கான், சுரங்கமும் கான் என்று நாம் எழுதுகிறோம். அவர்களுக்கு இந்த இரண்டு சொல்லிலும் முதல் ஒலி வேறு வேறு. எதிர்ப்பக்கம் நமக்கு ண், ன் வேறுபாடு உயிர். மணம் வேறு, மனம் வேறு. சீனத்திலோ ஹீப்ருவிலோ ண் என்ற ஒலியே கிடையாது. ஒப்பிடும்போது மட்டும் நாம் அதைக் கண்டுகொள்வதில்லை.

பொருளும் ஒலியும் இரண்டுமே தற்செயலாகப் பொருந்துமா என்று கேட்டால், பொருந்தும். கண்ணிலேயே ஒன்று இருக்கிறது. மலாயில் கண் மாத்தா. மலேசியத் தமிழர்களுக்குச் சொல்லவே வேண்டாம், போலீஸ்காரரை மாத்தா என்று சொல்லிப் பழகியவர்கள். கிரேக்கத்தில் இன்றைக்குக் கண் மாத்தி. ஆனால் கிரேக்கச் சொல் பழைய 'ஓம்மாத்தியோன்' தேய்ந்து வந்தது, மலாய்ச் சொல்லுக்கு உறவினர் ஹவாயில் மாக்கா, மடகாஸ்கரில் மாசோ. இதைவிடப் புகழ்பெற்றது ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்தில் பேசப்பட்ட ம்பபரம் மொழி. 1960களில் மொழியியலாளர் ஆர். எம். டபிள்யூ. டிக்சன் அந்த மொழியில் நாய்க்கு என்ன சொல் என்று கேட்டபோது கிடைத்த பதில் 'டாக்'. ஆங்கிலத்திலிருந்து வாங்கியது என்றுதான் யாரும் நினைப்பார்கள். பக்கத்து இடின் மொழியில் நாய்க்கு குடாகா. அதில் முதல் அசை உதிர்ந்து, உயிர் திரிந்து, கடைசி உயிரும் விழுந்தால் ம்பபரத்துக்குக் கிடைப்பது டாக். அந்த மொழியின் மற்றச் சொற்களும் அதே மாதிரி முன்னசை உதிர்ந்துதான் நிற்கின்றன. ஆங்கிலேயர் வராமலே இருந்திருந்தாலும் அது டாக்தான்.

தமிழ் உலகத்துக்குச் சொல் கொடுக்கவில்லை என்று இதற்கு அர்த்தம் இல்லை. கொடுத்திருக்கிறது, அதைத் தேடும் முறை வேறு. ஹீப்ருவையே எடுத்துக்கொள்ளுங்கள். விவிலியத்தில் அரசர்கள் முதல் நூல், 10ஆம் அதிகாரத்தில் சாலமோனின் கப்பல்கள் மூன்று ஆண்டுக்கு ஒருமுறை பொன், வெள்ளி, தந்தம், குரங்கு, துக்கீம் கொண்டுவந்ததாக வருகிறது. துக்கீம் என்பது பன்மை, ஒருமை துக்கி. மயில் என்று மரபாக மொழிபெயர்க்கிறார்கள். இது தமிழ்த் தோகையிலிருந்து போனது என்று 19ஆம் நூற்றாண்டில் கால்டுவெல் காலத்திலிருந்து அறிஞர்கள் பலர் ஏற்றிருக்கிறார்கள். ஏன் ஏற்கிறார்கள் என்பதைக் கவனியுங்கள். மயில் அந்த நாட்டுப் பறவை அல்ல, இந்தியாவிலிருந்துதான் போக வேண்டும். கப்பலில் போனது என்று நூலே சொல்கிறது. ஹீப்ருவுக்குள் அந்தச் சொல்லுக்கு வேரும் கிடையாது, உறவும் கிடையாது, அனாதையாக நிற்கிறது. பொருளும் போனது, பெயரும் கூடவே போனது. 'இங்கே' என்பதை எந்தக் கப்பலில் ஏற்றி அனுப்புவது? அன்றாடம் நூறு தடவை சொல்லும் அந்த மாதிரிச் சொல்லை எந்த மக்களும் எளிதில் வெளியிலிருந்து வாங்குவதில்லை. 'பார்' என்பதும் அப்படித்தான். சரக்கின் பெயர், பறவையின் பெயர், கட்டுமரம் மாதிரிக் கருவியின் பெயர், இவைதான் கடல் தாண்டும். போன இடத்தில் அவை சும்மாவும் இருப்பதில்லை: இன்றைய ஹீப்ருவில் துக்கி என்றால் கிளி, மயிலுக்குத் தவாஸ் என்று வேறு சொல் வந்துவிட்டது.